அக்கா மகளுக்கு நியூரோபிளாஸ்டோமா: ஸ்ப்ளைசிங் மருந்துக்காகக் காத்திருக்கலாமா?

கேள்வி: டாக்டரம்மா, வணக்கம். என் அக்கா மகளுக்கு இரண்டேகால் வயது. கால் வலிக்கிறது என்று நடக்க மறுத்தாள். கொஞ்ச நாளில் கண்ணைச் சுற்றிக் கருவளையம் வந்தது. ஸ்கேனில் சிறுநீரகத்துக்கு மேலே கட்டி, எலும்பு மஜ்ஜையிலும் பரவியிருக்கிறது. நியூரோபிளாஸ்டோமா, எம்.ஒய்.சி.என். ஆம்ப்ளிஃபைட், ஹை ரிஸ்க் என்று சொன்னார்கள். கீமோ இரண்டு சுற்று முடிந்திருக்கிறது. குழந்தை படும் பாட்டைப் பார்க்க முடியவில்லை. நான் பயோகெமிஸ்ட்ரி படித்தவன். இந்த நோயில் ஜீன் ஸ்ப்ளைசிங் தப்பாக நடக்கிறது, அதைக் குறிவைக்கும் மருந்து எலிகளில் கட்டியை முழுக்கக் கரைத்தது என்று படித்தேன். கீமோவை நிறுத்திவிட்டு அந்த மருந்துக்கு முயற்சி செய்யலாமா? ஒரு தனியார் லேப் கட்டியின் ஆர்.என்.ஏ. முழுவதையும் படித்துத் தருவதாகச் சொல்கிறது, செய்யலாமா? அக்கா இப்போது நான்கு மாதக் கர்ப்பிணி. போன கர்ப்பத்தில் தான் எதையோ தப்பாகச் சாப்பிட்டதால்தான் இப்படி ஆனது என்று அழுகிறாள். அடுத்த குழந்தைக்கும் வருமா?

பதில்: தம்பி, கீமோவை நிறுத்த வேண்டாம். அடுத்த சுற்றுக்குத் தேதி குறித்திருப்பார்கள். காய்ச்சல், ரத்த அணுக்கள் குறைவு என்று டாக்டரே தள்ளிப்போட்டால் தவிர, அந்தத் தேதியில் குழந்தை வார்டில் இருக்க வேண்டும். மற்ற கேள்விகளுக்கு நிதானமாகப் பதில் சொல்கிறேன். இது ஒன்று மட்டும் காத்திருக்காது. நான் குழந்தையைப் பார்க்கவில்லை, ரிப்போர்ட்டையும் பார்க்கவில்லை. ஆனால் வயது ஒன்றரைக்கு மேல், மஜ்ஜையில் பரவல், என்-மிக் என்ற மரபணுவின் பெருக்கம் (ரிப்போர்ட்டில் எம்.ஒய்.சி.என். என்று இருப்பதை வார்டில் இப்படித்தான் சொல்வோம்) மூன்றும் சேர்ந்திருக்கும்போது, எந்த ஊர் டாக்டரிடம் போனாலும் கீமோவில்தான் தொடங்குவார்.

நீங்கள் படித்தது பொய்ச் செய்தி இல்லை. நல்ல ஆய்வுக்கூடங்களில் கவனமாகச் செய்த வேலை அது. எனக்கும் அதில் பெரிய நம்பிக்கை உண்டு. அந்த ஆய்வு என்ன சொல்கிறது, எது வரைக்கும் சொல்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், உங்கள் மற்ற கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கரு வளரும்போது, முதுகுத்தண்டு உருவாகும் இடத்தின் ஓரத்திலிருந்து ஒரு வகைச் செல்கள் கிளம்பி உடம்பெங்கும் பயணம் போகின்றன. அவற்றில் ஒரு கூட்டம் முதுகெலும்பின் இருபுறமும் உள்ள பரிவு நரம்புகளாகவும், சிறுநீரகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் உட்பகுதியாகவும் மாற வேண்டும். அப்படி முதிராமல் பாதியில் நின்று, நின்ற இடத்திலேயே பெருகிக்கொண்டு போகும் செல்கள்தான் நியூரோபிளாஸ்டோமா. மூளைக்கு வெளியே குழந்தைகளுக்கு வரும் திடக்கட்டிகளில் இதுதான் அதிகம். ஒரு வயதுக்குள் வரும் புற்றுநோய்களிலும் இதுதான் முதலிடம். ஐந்து வயதுக்கு மேல் புதிதாக வருவது அரிது. ஆக, இது வளர்ச்சியில் நடந்த பிசகு. பெரியவர்களுக்குப் புகையாலும் வயதாலும் ஆண்டுக்கணக்கில் சேரும் கோளாறுகளால் வரும் புற்றுநோயோடு இதை ஒன்றாக வைத்துப் பார்க்கக் கூடாது.

இப்போது ஸ்ப்ளைசிங்குக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரிந்த பாடம்தான். அக்காவுக்கும் அத்தானுக்கும் நீங்கள் படித்துக் காட்டுவீர்கள் என்று நினைத்து எளிமையாகச் சொல்கிறேன். நம் மரபணுவில் புரதம் செய்யத் தேவையான துண்டுகள் அடுத்தடுத்து இல்லை. இடையிடையே நீளமான வேறு பகுதிகள் கிடக்கின்றன. தேவையான துண்டு எக்சான், இடையில் கிடப்பது இன்ட்ரான். செல் முதலில் மொத்தத்தையும் ஆர்.என்.ஏ.வாகப் பிரதி எடுக்கிறது. அப்புறம் இன்ட்ரான்களை வெட்டி எடுத்துவிட்டு எக்சான்களை ஒட்டுகிறது. 1977-இல் அடினோ வைரஸை ஆராய்ந்த இரண்டு குழுக்கள் இதைத் தனித்தனியே கண்டுபிடித்தன. அவற்றின் தலைவர்களான ஃபிலிப் ஷார்ப்புக்கும் ரிச்சர்ட் ராபர்ட்ஸுக்கும் 1993-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதில் முக்கியமானது என்னவென்றால், வெட்டி ஒட்டுவதற்கு ஒரே ஒரு வழி இல்லை. ஒரு செல் மூன்றாவது எக்சானை வைத்துக்கொள்ளும், இன்னொரு செல் அதை விட்டுவிடும். ஒரு மணி நேரம் பதிவு செய்த வானொலிப் பேட்டியைப் பத்து நிமிடமாக வெட்டும்போது, பேசியவர் ‘ஆனால்’ என்று தொடங்கிச் சொன்ன பகுதி விடுபட்டுப்போனால் என்ன ஆகும்? குரல் அவருடையது, சொற்கள் அவருடையவை, அர்த்தம் மட்டும் தலைகீழாகிவிடும். அப்படித்தான் இதுவும். மனிதருக்கு ஏறத்தாழ 20,000 புரத மரபணுக்கள்தான் இருக்கின்றன. பல எக்சான்கள் உள்ள மரபணுக்களில் 90 சதவீதத்துக்கும் மேல் ஒன்றுக்கு மேற்பட்ட விதமாக வெட்டி ஒட்டப்படுகின்றன என்று 2008-இல் வந்த ஆய்வுகள் காட்டின. அதனால் ‘ஆல்டர்நேட்டிவ் ஸ்ப்ளைசிங்’ என்று படித்தவுடனே அதை நோய் என்று எண்ண வேண்டாம். அது எல்லோர் உடம்பிலும் இந்த நிமிடம் நடந்துகொண்டிருப்பது. மூளையிலும் நரம்பிலும்தான் அது மிக அதிகம்.

நரம்புச் செல் முதிர்வதே பெரிய அளவில் இந்த வெட்டு முறையை மாற்றிக்கொள்வதால்தான் நடக்கிறது. பி.டி.பி.பி.1 என்று ஒரு புரதம் இருக்கிறது. சில எக்சான்களைச் சேர்க்காமல் தடுத்து வைப்பது அதன் வேலை. நரம்பாக மாறாத இளம் செல்களில் அது நிறைய இருக்கும். செல் நரம்பாக முதிரத் தொடங்கியதும் அது குறைந்துவிடும். அதன் இடத்தில் அதன் உறவுக்காரப் புரதம் பி.டி.பி.பி.2 வரும், அதுவரை விடுபட்டுக்கொண்டிருந்த எக்சான்கள் சேரத் தொடங்கும், செல் நரம்பாகிவிடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், குழந்தையின் ரிப்போர்ட்டில் உள்ள என்-மிக்குக்கு வரும்போது தேவைப்படும்.

இந்தக் கட்டியில் ஆராய்ச்சியாளர்கள் ஏன் ஆர்.என்.ஏ. பக்கம் திரும்பினார்கள் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2013-இல் 240 ஹை ரிஸ்க் நியூரோபிளாஸ்டோமாக் கட்டிகளின் டி.என்.ஏ.வைப் படித்துப் பார்த்தார்கள். திரும்பத் திரும்ப வரும் மரபணுப் பிழைகள் மிகக் குறைவாகவே இருந்தன. அதிகமாகக் கிடைத்த, ஏ.எல்.கே. என்ற மரபணுவின் பிழையே 9 சதவீதக் கட்டிகளில்தான் இருந்தது. அதற்கு அடுத்தவை 3 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. இவ்வளவு கொடூரமாக நடந்துகொள்ளும் கட்டியின் டி.என்.ஏ.வில் எழுத்துப் பிழை இவ்வளவு குறைவு என்றால், மூலத்தில் உள்ளதைச் செல் எப்படிப் பயன்படுத்துகிறது என்று பார்க்கத்தானே வேண்டும்.

அப்படிப் பார்த்ததில் எனக்கு மிகவும் தெளிவாகத் தோன்றும் உதாரணம் ட்ராக்-ஏ. நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதம் வந்து ஒட்டிக்கொள்வதற்காகச் செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பி அது. அது நிறைய உள்ள கட்டி கொண்ட குழந்தைகள் நன்றாகப் பிழைக்கிறார்கள் என்று 1993-இலேயே தெரிந்தது. முதிரச் சொல்லும் சமிக்ஞை அதன் வழியாக வருவதால் அது நல்ல அறிகுறியாக இருந்தது. 2004-இல் இத்தாலியில் ஒரு குழு, அதே மரபணுவிலிருந்து வரும் வேறொரு வடிவத்தைக் கண்டுபிடித்தது. 6, 7, 9 ஆகிய எக்சான்கள் விடுபட்டுப்போன ட்ராக்-ஏ-3. வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய பகுதி குறைந்துபோனதால், வளர்ச்சிக் காரணி வராமலே இது எந்நேரமும் இயங்கிக்கொண்டிருக்கிறது. முழு ட்ராக்-ஏ சொல்வதற்கு எதிராக வேலை செய்து கட்டியை வளர்க்கிறது. மரபணுவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆக்சிஜன் குறைவான சூழலில் செல் இந்த வடிவத்தை அதிகமாகச் செய்கிறது என்பதையும் அவர்கள் காட்டினார்கள். (இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ‘ஆக்சிஜன் தெரபி’ கொடுத்தால் புற்றுநோய் போய்விடும் என்று யாராவது வந்தால் கதவைச் சாத்திவிடுங்கள். கட்டிக்குள் ரத்த ஓட்டம் சரியில்லாததால் வரும் குறைபாடு அது, மூக்கு வழியாகக் காற்றைக் கொடுத்து அதைச் சரிசெய்ய முடியாது.)

சரி, என்-மிக். இந்த மரபணு நம் எல்லோரிடமும் இரண்டு பிரதி இருக்கிறது. நியூரோபிளாஸ்டோமாக் கட்டிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இது பத்துக்கு மேல், சிலவற்றில் நூற்றுக்கணக்கான பிரதிகளாகப் பெருகியிருக்கும். 1983-இல் இது கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள், பிரதி பெருகிய கட்டிகள் வேகமாகப் பரவுகின்றன என்பதும் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து இன்று வரை சிகிச்சையைத் தீர்மானிக்கும் பரிசோதனைகளில் இது முன்வரிசையில் இருக்கிறது. நூற்றுக்கணக்கான மற்ற மரபணுக்களை முடுக்கிவிடும் புரதம் இது. மருந்து போய் ஒட்டிக்கொள்ள வசதியான குழிவு அதில் இல்லாததால், நாற்பது ஆண்டுகளாகியும் அதை நேரடியாகத் தடுக்கும் மருந்து நம் கையில் இல்லை.

அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஜாவேத் கான் குழு 2011-இல் கட்டிகளின் எக்சான்களை ஒப்பிட்டுப் பார்த்தது. நோயின் நிலையைப் பொறுத்தும், என்-மிக் பெருகியிருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தும் வெட்டு முறையே வேறுபடுகிறது என்று தெரிந்தது. 2016-இல் அதே குழுவினர் காரணத்தையும் நெருங்கினார்கள்: என்-மிக் நேரடியாகப் போய்ப் பி.டி.பி.பி.1, ஹெச்.என்.ஆர்.என்.பி.ஏ.1 என்ற இரண்டு ஸ்ப்ளைசிங் புரதங்களின் உற்பத்தியைக் கூட்டுகிறது. அவற்றைக் குறைத்தால் ஆய்வுக்கூடத்தில் கட்டிச் செல்களின் வளர்ச்சி தளர்கிறது. மேலே சொன்னதையும் இதையும் சேர்த்துப் பாருங்கள். நரம்பாக முதிரும்போது குறைய வேண்டிய புரதத்தைக் குறையவிடாமல் பிடித்து வைக்கிறது என்-மிக். என் பார்வையில் இந்த நோயை விளங்கிக்கொள்ள இதைவிட நல்ல வழி இப்போதைக்கு இல்லை.

2021-இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்திலிருந்து இன்னொரு ஆய்வு வந்தது. பக்கத்துப் பக்கத்து மரபணுக்களின் ஆர்.என்.ஏ. துண்டுகள் தப்பாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, டி.என்.ஏ.வில் இல்லாத கலப்பு ஆர்.என்.ஏ.க்கள் இந்தக் கட்டிகளில் உருவாகின்றன என்று அவர்கள் கண்டார்கள். அவற்றில் ஒன்றிலிருந்து வரும் அரைகுறைப் புரதம், ரெட்டினாயிக் அமிலம் கொடுத்தாலும் செல் முதிராதபடி தடுக்கிறது. ரெட்டினாயிக் அமிலம் என்றதும் கவனியுங்கள்: உங்கள் மருமகளுக்குச் சிகிச்சையின் கடைசிக் கட்டத்தில் கொடுக்கப் போகும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை அந்தக் குடும்பம்தான். சில குழந்தைகளுக்கு அது நன்றாகவும் சிலருக்குச் சுமாராகவும் வேலை செய்வதற்கான காரணங்களில் ஒன்று இங்கே இருக்கலாம்.

அப்படியென்றால் ஸ்ப்ளைசிங் தவறுதான் நோய்க்குக் காரணமா? இல்லை என்றுதான் சொல்வேன். உங்கள் மருமகளின் கட்டியை ஓட்டுவது என்-மிக். அது தன் காரியத்தைச் சாதிக்கப் பயன்படுத்தும் வழிகளில் ஸ்ப்ளைசிங் ஒன்று, அதுவும் முக்கியமான ஒன்று. வழியை அடைத்தால் பலன் கிடைக்குமா என்பதுதான் இப்போது ஆய்வுக்கூடங்கள் கேட்கும் கேள்வி.

நீங்கள் படித்த எலிச் சோதனை இன்டிசுலாம் என்ற மருந்தைப் பற்றியதாகத்தான் இருக்க வேண்டும். இது புது மருந்தே இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் பெரியவர்களின் புற்றுநோய்களில் சோதித்துப் பார்த்து, பெரிதாகப் பலன் தெரியாமல் ஓரமாக வைத்தது. அது எப்படி வேலை செய்கிறது என்பதே 2017-இல்தான் தெரிந்தது: ஸ்ப்ளைசிங்குக்கு உதவும் ஆர்.பி.எம்.39 என்ற புரதத்தை, கழிக்க வேண்டிய புரதம் என்று செல்லே நினைத்துச் சிதைத்துவிடும்படி செய்கிறது. என்-மிக் முடுக்கிவிட்ட செல்லில் ஆர்.என்.ஏ. உற்பத்தி அளவுக்கு மீறி நடப்பதால், வெட்டி ஒட்டும் வேலையில் கொஞ்சம் தடங்கல் வந்தாலும் அது தாங்காது. 2021-இல் மெம்ஃபிஸில் உள்ள செயின்ட் ஜூட் மருத்துவமனையும், 2022-இல் லண்டன் ஆய்வாளர்களும் இதை எலிகளில் காட்டினார்கள். கட்டி முழுக்கக் கரைந்தது, திரும்பவும் வரவில்லை. படித்தபோது நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஆனால் எலியிலிருந்து குழந்தைக்கு வருவதற்குள் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. ஸ்ப்ளைசிங் இயந்திரம் கட்டியில் மட்டும் இல்லை, குழந்தையின் மஜ்ஜையிலும் குடலிலும் வளரும் மூளையிலும் அதேதான் ஓடுகிறது. கரோலின்ஸ்கா ஆய்வில் ஸ்ப்ளைசிங்கைத் தடுத்துக் கட்டியை ஒடுக்கிய பிளாடியெனோலைடு என்ற பொருளின் குடும்பத்தைச் சேர்ந்த இ7107 என்ற மருந்தை முன்பே பெரியவர்களிடம் சோதித்திருக்கிறார்கள். சிலருக்குப் பார்வை பாதிக்கப்பட்டதால் அந்தச் சோதனை நிறுத்தப்பட்டது. இரண்டு வயதுக் குழந்தைக்கு எந்த அளவு பாதுகாப்பு, கீமோவோடு சேர்த்துக் கொடுக்கலாமா, வளர்ச்சியைப் பாதிக்குமா என்பதெல்லாம் முறையான மருத்துவச் சோதனையில் படிப்படியாகத் தெரிய வேண்டியவை. இன்டிசுலாம் நியூரோபிளாஸ்டோமாவுக்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்து இல்லை. ஆய்வுக்கூடங்களுக்கு விற்கும் ரசாயனக் கம்பெனிகளிடம் அது பொடியாகக் கிடைக்கும். இணையத்தில் தேடுபவர் கண்ணில் அது படும் என்பதால் சொல்கிறேன், அதை வாங்கிக் குழந்தைக்குக் கொடுக்கும் எண்ணம் கனவிலும் வரக் கூடாது.

ஸ்ப்ளைசிங்கைத் திருத்தும் மருந்து என்பதே நடக்காத காரியம் என்று நினைத்துவிடவும் வேண்டாம். முதுகுத்தண்டுத் தசைநார் சிதைவு நோயுள்ள குழந்தைகளுக்கு 2016-இல் அங்கீகாரம் பெற்ற நுசினெர்சென் அதைத்தான் செய்கிறது. எஸ்.எம்.என்.2 மரபணுவில் விடுபட்டுப்போகும் ஏழாவது எக்சானைச் சேர்க்க வைக்கிறது. நகர முடியாமல் கிடக்க வேண்டிய குழந்தைகள் உட்காருகிறார்கள், சிலர் நடக்கிறார்கள். அங்கே திருத்த வேண்டியது ஒரே ஒரு எக்சான். மருந்தைத் தண்டுவட நீரில் போட்டால் போதும். இங்கே ஆயிரக்கணக்கான வெட்டுகள் மாறியிருக்கின்றன, கட்டிச் செல்கள் வயிற்றிலும் மஜ்ஜையிலும் எலும்பிலும் சிதறிக் கிடக்கின்றன. அதனால் இன்னும் காலம் எடுக்கும். உங்கள் மருமகளின் கட்டிக்கு அந்தக் காலம் இல்லை.

கையில் இருப்பது என்ன என்று பார்ப்போம். இப்போது நடக்கும் கீமோவின் நோக்கம், பரவியதைக் குறைத்து மஜ்ஜையைச் சுத்தமாக்குவது. நடுவில் குழந்தையின் சொந்த ஸ்டெம் செல்களை எடுத்துச் சேமிப்பார்கள். கட்டி சுருங்கியதும் அறுவை சிகிச்சை, பிறகு மிக அதிக அளவில் கீமோ கொடுத்து, சேமித்த ஸ்டெம் செல்களைத் திருப்பி ஏற்றுவார்கள், பிறகு கதிர்வீச்சு, கடைசியில் ஐசோட்ரெட்டினாயின். இந்த மாத்திரையின் பலன் 1999-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் உறுதியானது. மிச்சமிருக்கும் கட்டிச் செல்களை முதிரவைக்கும் மருந்து இது. முகப்பருவுக்குக் கொடுப்பதும் இதே மருந்துதான், விலையும் அதிகமில்லை. இதோடு, கட்டிச் செல்களின் மேற்பரப்பில் உள்ள ஜி.டி.2 என்ற பொருளைக் குறிவைக்கும் எதிர்ப்புப் புரத மருந்தும் சேர்ந்தபோது, இரண்டு ஆண்டுக்கு நோய் திரும்பாமல் இருந்த குழந்தைகள் 46 சதவீதத்திலிருந்து 66 சதவீதமாக உயர்ந்தார்கள் என்று 2010-இல் வந்த ஆய்வு சொன்னது. அந்த மருந்தின் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. மனம் கனக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான். சிகிச்சையின் கடைசிக் கட்டத்தில்தான் அது தேவைப்படும் என்பதால், அறக்கட்டளைகள், கம்பெனிகளின் உதவித் திட்டம் போன்ற வழிகளை டாக்டரிடமும் மருத்துவமனைச் சமூகப் பணியாளரிடமும் இப்போதே கேட்டுத் தொடங்குங்கள். நீங்கள் இணையத்தில் செலவிடும் நேரத்துக்கு இதுதான் நல்ல வேலை.

இவ்வளவும் செய்தும், வசதியான நாடுகளிலேயே ஹை ரிஸ்க் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேர்தான் ஐந்து ஆண்டைக் கடக்கிறார்கள். 1990-களின் தொடக்கத்தில் இது 30 சதவீத அளவில் இருந்தது. உங்களிடம் இதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பாதியில் குழந்தை சேர வேண்டுமென்றால் சுற்றுகள் நேரத்துக்கு நடப்பது மிக முக்கியம். கீமோவின் வேதனையைக் குறைக்க வழிகள் உண்டு: வாந்தி அடங்கவில்லை என்றால் மருந்தை மாற்றச் சொல்லுங்கள், வாய்ப்புண்ணுக்கு வலி மருந்து கேளுங்கள், சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து போடுகிறார்கள் என்றால் இடையிடையே காது கேட்கும் திறனைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று தயங்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்கிறேன். நியூரோபிளாஸ்டோமா சிகிச்சை இல்லாமல் தானே மறைந்துவிட்ட கதைகள் உங்கள் கண்ணில் பட்டிருக்கும் அல்லது படும். அவை உண்மைதான். ஒன்றரை வயதுக்குள், என்-மிக் பெருகாத சில குழந்தைகளுக்குத் தோலிலும் ஈரலிலும் பரவியிருந்தாலும் தானாகவே கரைந்துபோகும். உங்கள் மருமகளின் நோய் அந்த வகை இல்லை.

அந்த ஆர்.என்.ஏ. பரிசோதனைக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. ட்ராக்-ஏ-3 இருக்கிறது, இன்ன இன்ன எக்சான் விடுபட்டிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தால், அதைப் பார்த்து டாக்டர் மாற்றக்கூடிய மருந்து இன்று எதுவும் இல்லை. கேட்க வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது: கட்டியில் ஏ.எல்.கே. மரபணுவைப் பரிசோதித்தார்களா? அதில் பிழை இருந்தால் லோர்லாட்டினிப் போன்ற ஏ.எல்.கே. தடுப்பு மாத்திரைகளைச் சேர்ப்பது பற்றி யோசிக்க இடம் உண்டு. பரம்பரை பற்றிய உங்கள் கேள்விக்கும் அந்த முடிவு தேவை. செய்யவில்லை என்றால் பயாப்சி எடுத்த கட்டியின் மெழுகுத் துண்டிலேயே செய்யலாம், குழந்தையைத் திரும்பக் குத்த வேண்டியதில்லை.

இன்னொன்று, இதை ரொம்பப் பேர் கேட்பதே இல்லை. ஆர்.என்.ஏ. சீக்கிரம் சிதைந்துபோகும். கட்டியை ஃபார்மலினில் போட்டு மெழுகில் பதித்துவிட்டால் டி.என்.ஏ. பரிசோதனைகளுக்குப் பரவாயில்லை, ஆர்.என்.ஏ. துண்டு துண்டாகிவிடும். இன்னும் சில மாதத்தில் குழந்தைக்கு அறுவை சிகிச்சை நடக்கும்போது கட்டியின் ஒரு சிறு துண்டை உடனே உறைய வைத்துச் சேமிக்க முடியுமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். பெரிய புற்றுநோய் மையங்கள் சிலவற்றில் அதற்கு வசதி உண்டு. இரண்டு வருடம் கழித்து ஸ்ப்ளைசிங் மருந்துக்கான சோதனை எங்கேயாவது தொடங்கினால், அந்தத் துண்டு கைகொடுக்கும். அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் கேட்டுப் பயனில்லை.

இனி உங்கள் அக்கா. அவரிடம் இந்தப் பகுதியை நீங்களே படித்துக் காட்டுங்கள். அம்மா, நீங்கள் சாப்பிட்டதாலோ, சாப்பிடாமல் விட்டதாலோ, பப்பாளியாலோ, கிரகணத்தில் வெளியே போனதாலோ இது வரவில்லை. ஏழாயிரம் முதல் பத்தாயிரம் குழந்தைகளில் ஒருவருக்கு, எல்லா நாட்டிலும் எல்லா வகைச் சாப்பாடு சாப்பிடும் தாய்மாருக்கும் பிறக்கும் குழந்தைகளுக்கு இது வருகிறது. கருவில் ஒரு செல் முதிராமல் நின்றுபோனதை எந்தத் தாயாலும் தெரிந்துகொண்டிருக்கவோ தடுத்திருக்கவோ முடியாது.

பரம்பரையாக வருவது நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான். அப்படி வரும் குடும்பங்களில் பெரும்பாலும் ஏ.எல்.கே. மரபணுவிலும், சிலவற்றில் ஃபாக்ஸ்-2பி என்ற மரபணுவிலும் பிழை இருக்கும். கட்டியில் ஏ.எல்.கே. பிழை தெரிந்தால், குழந்தையின் ரத்தத்திலும் அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரத்தத்தில் இல்லை என்றால் அது கட்டியில் மட்டும் பின்னால் உண்டானது. ரத்தத்திலும் இருந்தால் பெற்றோர் இருவரையும் மரபியல் ஆலோசகர் பார்க்க வேண்டும், பிறக்கப்போகும் குழந்தைக்கும் கண்காணிப்புத் திட்டம் போடுவார்கள். இவை தவிர ஆபத்தைச் சிறிதளவு கூட்டும் பொதுவான மரபு வேறுபாடுகள் உண்டு. அதில் ஒன்றான பி.ஏ.ஆர்.டி.1 மரபணு, உங்கள் கேள்விக்கு நேரே வருகிறது: ஆபத்தைக் கூட்டும் வேறுபாடு உள்ளவர்களிடம் அந்த மரபணு குட்டையாக வெட்டி ஒட்டப்பட்ட வடிவத்தை அதிகம் தருகிறது என்று 2012-இல் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனைக் குழு காட்டியது. ஆனால் இந்த வேறுபாடுகள் நோயே வராத கோடிக்கணக்கானோரிடமும் இருக்கின்றன. அதைப் பரிசோதித்து வயிற்றிலிருக்கும் குழந்தையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

பிறந்ததும் குழந்தையின் சிறுநீரைப் பரிசோதித்துவிடலாமே என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். இந்தக் கட்டி சுரக்கும் பொருள்கள் சிறுநீரில் தெரியும் என்பதால், ஜப்பான் 1980-களின் நடுவிலிருந்து ஆறு மாதக் குழந்தைகள் எல்லோருக்கும் அதைச் செய்து பார்த்தது. கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகள் கூடினார்கள். ஆனால் கனடாவின் கியூபெக்கிலும் ஜெர்மனியிலும் நடந்த ஆய்வுகள், இப்படித் தேடுவதால் சாவு குறையவில்லை என்று 2002-இல் காட்டின. தேடிக் கண்டுபிடித்தவற்றில் பெரும்பாலானவை தானாகவே மறைந்திருக்கக்கூடியவை. அவற்றுக்காகக் குழந்தைகள் தேவையில்லாமல் கீமோவும் கத்தியும் பட்டார்கள். ஜப்பான் அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டது. பரம்பரைப் பிழை இல்லை என்றால் உங்கள் வீட்டுக்கு வரப்போகும் குழந்தைக்கு எல்லாக் குழந்தைகளுக்கும் செய்யும் பரிசோதனைகளே போதும்.

அக்கா கர்ப்பமாக இருப்பதால் சில விஷயங்களை இன்றே மாற்றுங்கள். கீமோ போட்ட பிறகு குறைந்தது 48 மணி நேரம் குழந்தையின் சிறுநீர், மலம், வாந்தியில் மருந்து இருக்கும். அந்த நாள்களில் டயப்பர் மாற்றுவது, துணி அலசுவது எல்லாம் அத்தானோ நீங்களோ பாட்டியோ கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள். அக்கா குழந்தையைத் தூக்கலாம், மடியில் வைத்துக்கொள்ளலாம், சோறு ஊட்டலாம், பக்கத்தில் படுத்துக்கொள்ளலாம். அதையெல்லாம் தடுத்துவிடாதீர்கள், இருவருக்கும் அது தேவை. எம்.ஐ.பி.ஜி. ஸ்கேனுக்குக் கதிரியக்க மருந்து ஏற்றும் நாளில் எவ்வளவு தூரம், எத்தனை நாள் தள்ளியிருக்க வேண்டும் என்று ஸ்கேன் துறையிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும், கர்ப்பம் என்று அவர்களிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். ஐசோட்ரெட்டினாயின் தொடங்கும்போது அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்கலாம், பிறக்காமலும் இருக்கலாம். கருவுக்குக் கடுமையான ஊனம் உண்டாக்கும் மருந்து அது. சின்னக் குழந்தையால் முழுதாக விழுங்க முடியாததால் கேப்ஸ்யூலைத் திறந்து உள்ளே இருப்பதைக் கலந்து கொடுக்க வேண்டிவரும். கர்ப்பமாக இருக்கும் வரை அந்த வேலையில் அக்கா கையே படக் கூடாது. அக்கா கர்ப்பமாக இருப்பது குழந்தையின் டாக்டருக்குத் தெரியுமா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. தெரியாது என்றால் அடுத்த முறை போகும்போது முதலில் அதைச் சொல்லுங்கள், அப்புறம் ஏ.எல்.கே. ரிப்போர்ட்டைக் கேளுங்கள்.